பதினோரு மாதங்கள் உள்ள ஆண்டு

மிஸ்டர் டோம்ப்ரோவ்ஸ்கி,
செப்டம்பர் வாடகைக் காசோலை உள்ளே இருக்கிறது.
அதன் அடியில் மடித்து வைத்திருப்பது
நீங்கள் கேட்காதது.

வீட்டைப் பார்க்க ஜூனில் வந்தீர்கள்.
ஏரி அன்று நல்ல பிள்ளையாய்ப் படுத்திருந்தது.
டுலூத்தில் ஜூன் மாதம் எந்த வீடும் பொய் சொல்லும்.
பிப்ரவரியில் வந்திருந்தால்
கூரை விளிம்பில் ஆள் உயரம் தொங்கும் பனிக்கட்டி
பரணில் வெப்பம் ஒழுகுவதை
நேராகச் சொல்லியிருக்கும்.

"தானே சம்பாதிக்கும் வீடு" என்றார் தரகர்.
நான் படிக்கட்டில் உட்கார்ந்து
காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
இரவெல்லாம் ரொட்டிக்கூடத்தில் நின்ற கால்.
தானே சம்பாதிக்கிற ஒன்றை
அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

உங்களுக்கு முன்னால் இரண்டு பேர்.
ராய் ஸ்டென்ஸ்ருட்
வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கினார்,
வந்த தொகைக்குப் படகு வாங்கினார்.
கொதிகலன் செத்த ஜனவரியில்
படகை விற்க ஆள் தேடினார்.
உறைந்த ஏரியின் கரையில்
படகு யாருக்கு வேண்டும்?

நான் மாவு அளப்பவள், கணக்கு கொஞ்சம் வரும்.
பதினொன்றால் பெருக்குங்கள்.
வீட்டுக்காரரின் ஆண்டுக்கு
மாதங்கள் அவ்வளவுதான்;
மிச்சம் ஒன்று காலியாகவே வரும்,
எந்த மாதம் என்று சொல்லாமல்.
தவணை, சொத்து வரி, காப்பீடு எல்லாம் போக
தட்டில் கொஞ்சம் மிஞ்சும்.
கையை நீட்டாதீர்கள். அது கூரையின் பங்கு.
இருபது வருடத்துக்கு ஒருமுறைதான் கேட்கும்,
கேட்கும்போது மொத்தமாகக் கேட்கும்.

அடுத்தவள் கோரின். நல்லவள்.
கீழ்த்தளத்துச் சாவியை
முதலில் வந்து அழுதவன் கையில் கொடுத்தாள்.
அவன் முன்பு இருந்த வீட்டுக்காரருக்கு
ஒரு போன், ஒரே ஒரு போன் போட்டிருக்கலாம்.
ஏழு மாதம் வாடகை இல்லை.
போகிறபோது சமையலறைக் குழாயைக்கூடக்
கழற்றிக்கொண்டு போனான்.
வக்கீலுக்குக் கொடுக்கக் கோரின் எடுத்தது
என் முன்பணம்.
அதைச் சொன்னபோது
அஞ்சல்பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.
முன்பணம் உங்கள் காசு இல்லை, மிஸ்டர் டோம்ப்ரோவ்ஸ்கி.
தனிக் கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள்.

இன்னொன்று.
போன செவ்வாய், பகல் பதினொன்று,
நான் தூங்கும் நேரம்,
என் கதவில் உங்கள் சாவி திரும்பியது.
ஜன்னலை அளக்க வந்தேன் என்றீர்கள், சிரித்தபடி.
பத்திரம் உங்கள் பெயரில்தான்.
அந்த அறையில் கலைந்து கிடந்த போர்வை என்னுடையது.
ஒருநாள் முன்னால் சொல்லிவிட்டு வாருங்கள்;
வந்தாலும் தட்டுங்கள்.

பின்கட்டுச் சாக்கடை களிமண் குழாய்.
எல்ம் மரத்தின் வேர் உள்ளே போயிருக்கிறது.
வாங்கும் முன் கேமரா விட்டுப் பார்த்திருந்தால்
விலையில் பேசியிருக்கலாம்.
இனி மரத்தோடு பேசுங்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால்
ஒன்பது குளிர்காலம் இங்கே கிடந்தேன்.
பிறகு போன பிப்ரவரியில்
ப்ராக்டரில் ஓர் இரட்டை வீட்டைப் பார்க்கப் போனேன்,
பனிக்காலணியோடு, வாங்குகிறவளாக.
ஒருமுறை பேரம் முறிந்தது.
ஒரு வாரம் தூக்கமில்லை.
அடமானத் தாளில் என் பெயரை
மார்வா நிஸ்கனென் என்று முழுதாக எழுதியபோது
பேனா வழுக்கியது.
எனக்கும் பயம்தான்.

அங்கே மாடியில் ஒருவர் குடியிருக்கிறார்,
டெல்பர்ட், ரயில் முற்றத்தில் வேலை.
விலை பேசும் முன் அவர் கதவைத் தட்டிக் கேட்டேன்:
இந்த வீட்டுக்கு என்ன வியாதி?
காபி போட்டுக் கொடுத்து
ஒன்றரை மணி நேரம் சொன்னார்.

ஜூனில் நீங்கள் என்னைத் தாண்டித்தான்
படியேறிப் போனீர்கள்.

அக்டோபர் முப்பத்தொன்றில் காலி செய்கிறேன்.
இதையே அறிவிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.
உங்கள் பன்னிரண்டாவது மாதம்
நவம்பரில் தொடங்குகிறது.

கொதிகலன் முனகினால் பயப்பட வேண்டாம்.
இடப்பக்கத்து வால்வை
கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம்.